பாலைவன லொறிகளின் பின்வில்லும் பாரத்தின் கணக்கும்

இரண்டாவது உலக மகாயுத்தத்தின் வட ஆபிரிக்கக் களம் பற்றி எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை. றொமெல், மொன்ற்கொமரி ஆகிய தளபதிகளும் தொப்ருக், எல் அலமெய்ன் ஆகிய போர்க்களங்களும் வாசகர்களுக்கு நன்கு பரிச்சயமான பெயர்கள். ஆனால், அதே களத்தின் தென்புறத்தில், வரைபடங்களில் பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்டிருந்த பாலைநிலத்தினூடாக ஆயிரக்கணக்கான மைல்கள் ஓடித்திரிந்த ஒரு சிறிய படைப்பிரிவின் உயிர், அதன் லொறிகளின் பின்னச்சுக்கு மேலே அடுக்கிக் கட்டப்பட்டிருந்த சில உருக்குத் தகடுகளில் தங்கியிருந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

அந்தத் தகடுகளை எமது சாரதிகள் ‘ஸ்பிறிங் பிளேற்’ என்பார்கள். வில்தகடு என்று தமிழில் சொல்லலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் பட்டியிட்டுக் கட்டப்பட்ட இந்த வளைந்த தகடுகள்தாம் வாகனத்தின் பாரத்தை அச்சின் மீது தாங்கிப் பிடிக்கின்றன.

இன்று அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசத்திலோ, நமீபியாவிலோ, மொரோக்கோவிலோ நீண்ட பயணம் செய்யப் புறப்படுவோர் தண்ணீர்த் தாங்கி, மேலதிக எரிபொருள், குளிர்சாதனப் பெட்டி, இரண்டாவது பற்றறி, கூடாரம் என்று யாவற்றையும் வாகனத்தின் பின்புறத்திலேயே ஏற்றுகின்றனர். பின்பகுதி தாழ்ந்து முன்பகுதி நிமிர்ந்து நிற்கிறது. முன்சில்லுகளில் பாரம் குறைவதால் திசைமாற்றி இலகுவாகிப் பிடிமானம் தளர்கிறது. முன்விளக்குகள் வீதியை விட்டு வானத்தைப் பார்க்கின்றன. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அச்சு அடிச்சட்டத்தில் மோதுகிறது. ‘தடித்த வில்லைப் போட்டுவிட்டால் சரி’ என்பதே வழமையாகக் கிடைக்கும் ஆலோசனை. பாலைவன லொறிகளின் வரலாறு அது பாதி உண்மை மாத்திரமே என்று கூறுகிறது.

தற்செயலாக எகிப்தில் இறங்கியவர்

றால்ப் பாக்னோல்ட் 1896இல் பிறந்த பிரித்தானிய இராணுவ அதிகாரி. 1920களில் எகிப்தில் பணியாற்றியபோது, விடுமுறைக் காலங்களில் தமது சொந்தச் செலவிலேயே நண்பர்களுடன் லிபியப் பாலைவனத்துக்குள் சென்று வந்தார். முதலில் போர்ட் ‘ரி’ மாதிரிக் கார்கள், பின்னர் ‘ஏ’ மாதிரிக் கார்கள் அவர்களுக்கு உதவின. இவற்றின் பின்புறத்தில் இருந்தது அச்சுக்கு இணையாகக் குறுக்கே வைக்கப்பட்ட ஒரேயொரு வில் மாத்திரமே. 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் மேற்கொண்ட பெரும் பயணங்களில் அவரது குழுவினர் பாலைவன மோட்டார்ப் பயணத்தின் அடிப்படைகளைத் தாமே வகுத்துக்கொண்டனர். மணலில் ரயரின் காற்றைக் குறைத்து ஓட்டுதல், புதைந்த சில்லின் கீழ் உருக்குப் பலகையைச் செருகுதல், கொதிக்கும் ரேடியேற்றர் நீராவியை ஒரு கலத்தில் பிடித்து மீண்டும் நீராக்குதல், சூரியனின் நிழலைக் கொண்டு திசையறிதல் என்பன அவற்றுட் சில. இவற்றோடு சேர்ந்த இன்னொரு விதியும் உண்டு. வாகனத்தில் தேவையில்லாத எதுவும் இருக்கக்கூடாது.

1939இல் யுத்தம் மூண்டதும் ஓய்விலிருந்த பாக்னோல்ட் மீண்டும் சேவைக்கு அழைக்கப்பட்டுக் கென்யாவுக்கு அனுப்பப்பட்டார். வழியில் மத்தியதரைக் கடலில் அவர் பயணித்த கப்பல் இன்னொரு கப்பலுடன் மோதியது. திருத்த வேலைக்காகக் கப்பல் போர்ட் சயிட்டை அடைய, பாக்னோல்ட் எகிப்திலேயே தங்க நேர்ந்தது. 1940 ஜூன் 10ஆம் திகதி இத்தாலி யுத்தப் பிரகடனம் செய்ததும், லிபியாவின் உட்பகுதியில் எதிரியின் நடமாட்டங்களை வேவு பார்க்க ஒரு வாகனப் படைப்பிரிவு வேண்டும் என்ற அவரது யோசனை தளபதி ஜெனரல் வேவலின் மேசையை அடைந்தது. வேவல் அனுமதி வழங்கினார். ஆறு வார காலத்துக்குள் ஆட்களையும் வாகனங்களையும் தயார்செய்ய வேண்டியிருந்தது. ‘நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவு’ உருவான கதை இதுவே. அதன் முதலாவது வீரர்கள் நியூசிலாந்துப் படையிலிருந்து தாமாக முன்வந்தவர்கள்.

வாகனங்களைப் பெறுவது இலகுவாக இருக்கவில்லை. இராணுவத்திடம் பொருத்தமானவை இல்லாத காரணத்தால், செவ்ரொலே லொறிகளில் ஒரு பகுதி எகிப்திலிருந்த விற்பனையாளர்களிடமிருந்தும், எஞ்சியவை எகிப்திய இராணுவத்திடமிருந்தும் பெறப்பட்டன. சாதாரண வர்த்தக லொறிகளான இவற்றில் இயந்திரத்தின் விசை பின்சில்லுகளுக்கு மாத்திரமே சென்றது. ஏற்றக்கூடிய பாரம் 30 அந்தர், அதாவது ஒன்றரைத் தொன்.

முதலில் கழற்றியவை, பின்னர் சேர்த்தவை

கெய்ரோவிலிருந்த இராணுவப் பட்டறைகளில் இந்த லொறிகளுக்கு நடந்தவற்றின் ஒழுங்குமுறை கவனிப்புக்குரியது. கதவுகள், முன்கண்ணாடி, சாரதிக் கூண்டின் கூரை ஆகியன கழற்றி எறியப்பட்டன. அதற்குப் பின்னரே சேர்க்க வேண்டியவை சேர்க்கப்பட்டன. விற்களுக்கு மேலதிகத் தகடுகள், அகன்ற பாலைவன ரயர்கள், நீராவியைச் சேமிக்கும் கலம், சூரியத் திசைகாட்டி, துப்பாக்கிகளைப் பொருத்தும் தாங்கிகள், சில லொறிகளுக்கு வானொலிக் கருவி என்பன அவை.

மேலதிகத் தகடுகள் எதற்காக என்பதை ஒரு சிறு கணக்குத் தெளிவாக்கும். ஒரு கலன் பெற்றோலுக்கு ஒரு லொறி 10 மைல் ஓடும் என வைத்துக்கொள்வோம். 1000 மைல் பயணத்துக்கு 100 கலன் தேவை. ஒரு கலன் பெற்றோல் ஏறத்தாழ 7.3 இறாத்தல் எடையுள்ளது. எனவே எரிபொருள் மாத்திரம் ஆறரை அந்தர். லொறியில் மூவர் செல்வதாகவும், ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் கலன் வீதம் 20 நாட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதாகவும் கொண்டால் 45 கலன். தண்ணீர் கலனொன்று 10 இறாத்தல் என்பதால் அது நான்கு அந்தர். உணவு, வெடிபொருட்கள், இயந்திரத் துப்பாக்கிகள், உதிரிப் பாகங்கள், உருக்குப் பலகைகள், படுக்கைகள், மனிதர்கள் ஆகியன இதற்கு மேல். ஆரம்பகால ரோந்துக் குழுவொன்றில் ஏறத்தாழ 30 பேரும் 11 வாகனங்களும் இருந்தன. 37 மில்லிமீற்றர் பீரங்கியொன்றும் ஒரு லொறியின் முதுகில் சென்றது. 30 அந்தர் என்ற வரையறை எத்தனை விரைவாக மீறப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை பாரமும் லொறியின் பெட்டியில், பெரும்பாலும் பின்னச்சின் மீதே இறங்கியது. பாலைவனம் என்றதும் நாம் மணலை மாத்திரமே எண்ணுகிறோம். சரளைக்கற் சமவெளிகளும், கூரிய பாறைகள் சிதறிய மேட்டுநிலங்களும் அங்கு பரந்து கிடக்கின்றன. மணல் வாகனத்தைப் புதைக்கும். வில்லை முறிப்பது கல்தான்.

வில் முறிந்து, அதைத் திருத்தவும் முடியாமற் போனால் லொறியைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் பொருள் என்ன என்பதை 1941 ஜனவரி 31ஆம் திகதி ஜெபல் ஷெரிப் என்ற இடத்தில் நடந்த சம்பவம் காட்டியது. அன்று லொறிகளை அழித்தது முறிந்த வில் அல்ல, இத்தாலியப் படையின் தாக்குதல். வாகனங்களை இழந்து தனித்துவிடப்பட்ட நால்வர், நியூசிலாந்து வீரர் றொனால்ட் மூரின் தலைமையில், ஏறத்தாழ இரண்டு கலன் தண்ணீருடன் தெற்கு நோக்கி நடந்தனர். பத்து நாட்களில் சுமார் 210 மைல் நடந்த பின்னரே பிரெஞ்சுப் படையினரால் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உயிர்தப்பவில்லை. லொறி ஓடும்வரைதான் மனிதனுக்குத் தண்ணீர் என்பது அந்தப் பிரிவினர் ஒவ்வொருவரும் அறிந்திருந்த உண்மை.

ஒரு தகடு சேர்ப்பதன் விலை

வில்லின் இயல்பை ஆங்கிலேய விஞ்ஞானி றொபேர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். பாரம் இரு மடங்கானால் வில்லின் வளைவும் இரு மடங்காகும். எனவே அதிக பாரத்துக்கு வளைந்துபோகாத வில் வேண்டுமானால் அதன் விறைப்பைக் கூட்ட வேண்டும். இதற்கு இரு வழிகள் உண்டு. ஒரே தடிப்புள்ள எட்டுத் தகடுகளோடு அதேபோன்ற இரண்டைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடும். தகட்டின் தடிப்பைக் கூட்டினாலோ விறைப்பு அதன் மும்மடி வீதத்தில் உயரும். ஆறு மில்லிமீற்றர் தகட்டை எட்டு மில்லிமீற்றராக்கினால் விறைப்பு இரு மடங்கைத் தாண்டிவிடும். ஆனால், ஒரே அளவு வளையும்போது தடித்த தகட்டின் மேற்பரப்பில் எழும் தகைப்பு மெல்லிய தகட்டிலும் பார்க்க அதிகம். ஆகவே தடித்த தகடு, பள்ளம் மேடுகளில் மெல்லிய தகட்டைப் போல வளையுமாறு கட்டாயப்படுத்தப்பட்டால், அதற்கு முன்னதாகவே முறியும். தடித்த ஓரிரு தகடுகளை விட மெல்லிய தகடுகள் பலவற்றைச் சேர்ப்பது நல்லது என்று பட்டறைத் தொழிலாளர் அனுபவத்தில் அறிந்துவைத்திருந்ததன் காரணம் இதுவே.

எனினும் தகடு சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு. புறப்படும் நாளன்று லொறி சுமக்கும் பாரம் திரும்பும் நாளன்று இருப்பதில்லை. பெற்றோல் எரிந்துவிடும், தண்ணீரும் உணவும் தீர்ந்துவிடும். முழுப் பாரத்துக்கென விறைப்பாக்கப்பட்ட வில், பாதிப் பாரத்துடன் கல்நிலத்தில் துள்ளும். வில் உள்வாங்காத அதிர்ச்சி எங்கும் மறைந்துபோவதில்லை. அது அடிச்சட்டத்துக்கும், பெற்றோல் அடைக்கப்பட்ட மெல்லிய தகரங்களுக்கும், மனிதரின் முதுகெலும்புக்கும் செல்கிறது. பிரதான வில்லுக்கு மேலே சிறிய துணைவில் ஒன்றைப் பொருத்தி, குறிப்பிட்ட பாரத்துக்கு மேல் மாத்திரம் அது தொழிற்படும்படி செய்யும் முறை இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த பழைய தீர்வாகும். வெறும் லொறிக்கு மென்மையும், ஏற்றிய லொறிக்கு விறைப்பும் அதனால் கிடைக்கின்றன. பார லொறிகளில் இன்றுவரை அந்த முறை கைவிடப்படவில்லை.

1941: வலிமையான வாகனம் பலவீனமான கதை

1941 மார்ச் மாதம் முதல், தேய்ந்துபோன செவ்ரொலே லொறிகளுக்குப் பதிலாக நான்கு சில்லு இயக்கம் கொண்ட போர்ட் 30 அந்தர் லொறிகள் வழங்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் இது முன்னேற்றமே. நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் மணலுக்கு ஏற்றது என்றே எவரும் சொல்வர். ஆனால் இந்த லொறிகள் கனமானவை. பழைய லொறிகளை விட ஏறத்தாழ இரு மடங்கு பெற்றோலைக் குடித்தன. மேலே நாம் போட்ட கணக்கை இப்போது திருப்பிப் பார்த்தால், அதே 1000 மைலுக்கு ஆறரை அந்தர் அல்ல, 13 அந்தர் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். ஏற்றக்கூடிய பாரத்தில் பாதிக்குக் கிட்டிய பங்கு பெற்றோலுக்கே போய்விட, ரோந்துக் குழுவின் ஓடுதூரம் சுருங்கியது.

இந்த அனுபவத்தின் பின்னர் பிரிவினர் கேட்டது இன்னும் வலிமையான வாகனத்தை அல்ல. 200 கனேடியச் செவ்ரொலே லொறிகள் அவர்களுக்கெனவே விசேடமாகத் தருவிக்கப்பட்டு, 1942 மார்ச் முதல் படிப்படியாகச் சேவைக்கு வந்தன. அவை மீண்டும் பின்சில்லு இயக்கம் மாத்திரமே கொண்ட, எடை குறைந்த 30 அந்தர் லொறிகள்! அதே ஆண்டு செப்ரெம்பரில் பார்ஸே விமானத்தளத்தைத் தாக்கிய நெடும்பயணத்தை இந்த லொறிகளைக் கொண்டே அவர்கள் நிகழ்த்தினர். உலகின் மிகக் கடினமான நிலத்தில் ஓட்டியவர்கள், இழுவிசையிலும் பார்க்க எடைக்குறைவையே தெரிவுசெய்தனர் என்பது இன்றைய வாகன விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

மென்மையும் சுமையும் ஒன்றாக

யுத்தத்துக்குப் பிந்திய காலத்தில் பொறியியலாளர்கள் வேறொரு கேள்வியை எழுப்பினர். வில் மென்மையாகவே இருக்க, பாரம் ஏறும்போது மாத்திரம் வாகனம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ள முடியாதா என்பதே அந்தக் கேள்வி. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் 1954இல், எண்ணெயும் வாயுவும் கொண்டு தொழிற்படும் தன்சமநிலைத் தாங்கியைத் தனது பெரிய கார் ஒன்றின் பின்சில்லுகளுக்கு மாத்திரம் முதலில் பொருத்தியது. பாரத்தின் பிரச்சினை பின்புறத்தின் பிரச்சினையே என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பாதையற்ற நிலங்களுக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தது 1970 ஜூனில் அறிமுகமான றேஞ்ச் றோவர். 1948 முதல் லான்ட் றோவர் வில்தகடுகளையே நம்பியிருந்தது. புதிய வாகனமோ நான்கு சில்லுகளுக்கும் நீண்டு சுருங்கும் மென்மையான சுருளி விற்களைக் கொண்டிருந்தது. மென்மையான வில் பாரத்தில் தாழும் என்பதால், பின்னச்சின் நடுவே ஜேர்மனியின் போகே நிறுவனத்தின் தன்சமநிலைத் தாங்கி ஒன்று வைக்கப்பட்டது. இதற்கு மின்சாரமோ வெளிப் பம்பியோ தேவையில்லை. வாகனம் குலுங்கி ஓடும்போது அந்த அசைவே தாங்கியின் உள்ளிருக்கும் எண்ணெயை அழுத்த, சிறிது தூரத்துக்குள் பின்பகுதி உரிய உயரத்துக்கு எழும்பிவிடும். பாதையின் குலுக்கத்தையே பாரம் தூக்கும் வேலைக்குப் பயன்படுத்திய நேர்த்தியான ஏற்பாடு அது.

ஆயினும் 1971 டிசம்பரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்முனை வரை சென்ற பிரித்தானியப் பயணக் குழு இன்னொரு பாடத்தைக் கற்றது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடைப்பட்ட டேரியன் சதுப்புக் காட்டில், அவர்களது இரண்டு றேஞ்ச் றோவர்களிலும் தளர்ந்துபோனவை விற்கள் அல்ல. சேற்றுக்கெனப் பூட்டப்பட்ட பிரமாண்டமான ரயர்கள் கொடுத்த சுமையைத் தாங்கமுடியாது அச்சினுள் இருந்த ‘டிபரென்ஷல்’ பற்சில்லுகள் உடைந்தன. புதிய பாகங்கள் வரும்வரை பயணம் தடைப்பட்டது. ஓரிடத்தைப் பலப்படுத்தும்போது பலவீனம் அழிவதில்லை. அது அடுத்த உறுப்புக்கு இடம்பெயர்கிறது.

இன்றைய பயணிக்கு எஞ்சியிருப்பது

இன்று கடைகளில் கிடைக்கும் தீர்வுகள் பல. விறைப்பான சுருளி விற்கள், மேலதிக வில்தகடுகள், சுருளிக்குள் செருகும் காற்றுப்பைகள், பெரிய ‘ஷொக் அப்சோபர்’கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. வில் பாரத்தைத் தாங்குகிறது. ‘ஷொக் அப்சோபர்’ வில்லின் ஆட்டத்தை அடக்குகிறது. வில்லை விறைப்பாக்கி மற்றதைப் பழையபடியே விட்டால், அலையலையான சரளைப் பாதையில் அது சூடேறிச் செயலிழக்கும். வில்தகடு கொண்ட பின்தட்டு வாகனங்களில் அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே காற்றுப்பை வைத்து, மிதமிஞ்சிய பாரமும் ஏற்றினால், வில்லின் இரு முனைகளில் பகிரப்பட வேண்டிய சுமை அடிச்சட்டத்தின் ஒரே புள்ளியில் குவிகிறது. அடிச்சட்டமே வளைந்துபோன வாகனங்களை அவுஸ்திரேலியாவில் பலரும் கண்டிருக்கிறார்கள். வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை உயர்த்துவதற்கு அந்நாட்டில் முறையான சான்றிதழ் வேண்டும் என்ற விதியை வெறும் அதிகாரத் தொல்லையாகக் கொள்ளலாகாது.

பாரம் எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு என்பதற்குச் சமமான கேள்வி. மூன்று மீற்றர் அச்சிடைத் தூரமுள்ள வாகனமொன்றில் பின்னச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னால் 200 கிலோகிராம் பொருளைத் தொங்கவிட்டால், பின்னச்சு உணரும் பாரம் 200 அல்ல, 300 கிலோகிராம். மேலதிகமான அந்த 100 கிலோகிராம் முன்னச்சிலிருந்து பிடுங்கப்படுகிறது. அதே பொருளைப் பின்னிருக்கைக்கு அருகே, அச்சுக்கு முன்னால் வைத்தால் ஒரு சதமும் செலவின்றிப் பின்வில் பாதி குணமடைந்துவிடும்.

லிபியப் பாலைவனத்திலிருந்து மீட்கப்பட்ட செவ்ரொலே லொறியொன்று 1980களில் லண்டனிலுள்ள இம்பீரியல் யுத்த அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. துருப்பிடித்த நிலையிலேயே அது பேணப்படுகிறது. கதவில்லை, கூரையில்லை, முன்கண்ணாடியில்லை. அந்த இல்லாமைகளைப் போரின் சேதம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் பின்வில்லின் திருத்த வேலை அங்கேதான் தொடங்கியது. பாக்னோல்ட்டின் ஆட்கள் புதிய தகட்டைச் சேர்ப்பதற்கு முன்னர், கழற்றக்கூடிய யாவற்றையும் கழற்றினார்கள். பயணம் புறப்படும் எவரும் வில் விற்கும் கடைக்குப் போக முன்னர் எடைமேடைக்குப் போவது நல்லது.